கௌசியின் டிக்கெட்

மே 11, 2025. ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன்குழம்பு வைத்தேன். என் புருசன் யூட் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பின்னேரம் அவருக்கு பஸ் ஓட்ட வேண்டும். நான் போனை எடுத்துக்கொண்டு இருந்தபோது இசைவிழாக்காரரின் ஈமெயில் வந்தது. இன்னும் பத்துக் கிழமைதானாம். மழைக்கும் வெயிலுக்கும் ஆயத்தமாக வரட்டாம். உங்கள் பெயரில் இரண்டு டிக்கெட் இருக்கிறதாம்.

இரண்டு. போன ஓகஸ்டில் எடுத்தது. ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்த கிழமையே அடுத்த வருடத்துக்கு எடுத்துவிடுவோம், விட்டால் முடிந்துவிடும் என்ற பயம். ஒன்று எனக்கு, மற்றது கௌசிக்கு. கௌசி என்னோடு கதைத்து எட்டு மாதம்.

அவள் இல்லாமல் நான் போவதா? போய் என்ன செய்வது?

மே 14

ஈமெயிலை அழிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறேன். விசர்.

மே 18. ஞாயிறு

முதல் வருடம் 2013. அப்போது கௌசியும் இங்கே பிளேஸ்டோவில்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் ஜெர்மனியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள், அவள் டென்மார்க்கிலிருந்து வந்தவள். இரண்டு பேருக்கும் லண்டன் ஆட்களின் இங்கிலீஷ் பிடிபடாத காலத்தில் பழக்கமானோம். அவளுடைய தம்பி சஞ்சயன் கொத்துரொட்டிக் கடை போடப்போவதாகச் சொல்லி, சஃபோக் பக்கம் ஒரு பண்ணையில் நடக்கும் இசைவிழாவில் இடம் எடுத்துவிட்டான். மாவு குழைக்க, வெங்காயம் வெட்ட இரண்டு பேர் வேண்டும். நாங்கள் அவனுடைய வேனில் ஏறினோம்.

படுக்க இடம் கடைக்குப் பின்னால் ஒரு கூடாரம் என்று போய் இறங்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. நாங்கள் அதுவரை கூடாரம் அடித்ததில்லை. கம்பிகளை எல்லாம் புல்லில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தோம். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர், எழுபது வயதிருக்கும், பொறுக்க முடியாமல் வந்து அடித்துத் தந்தார். அவருக்கு அன்றைக்கு இரண்டு கொத்து இலவசம். அடுத்த நாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் பாஸ்போட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தோம். ஏன் என்று கேட்டால் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு வெளியில் படுப்பதென்றால் கை தன்பாட்டில் பாஸ்போட்டைத் தேடும்.

காலமை எழும்பினால் புல் முழுக்க ஈரம், எங்கேயோ ஒருத்தி பிடில் பழகிக்கொண்டிருக்கிறாள், அடுப்பு மூட்டின மணம். கௌசி தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “பெனி, இஞ்சை எங்களை ஒருத்தருக்கும் தெரியாதடி” என்றாள். அந்தச் சந்தோசத்தை நான் வேறு எங்கும் அவள் முகத்தில் கண்டதில்லை.

சஞ்சயன் அடுத்த வருடமே கடையை விட்டுவிட்டான். நாங்கள் விடவில்லை. டிக்கெட் எடுத்துப் போனோம்.

மே 25

இடையில் கொரோனாவால் இரண்டு வருடம் நடக்கவில்லை. மற்றபடி பத்துக் கோடை.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. சொந்தக்காரர் கதை பண்ணை வேலிக்கு வெளியே. யார் கோபம், யார் வீடு வாங்கினது, யாருடைய பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், ஒன்றும் இல்லை. முதல் வருடங்களில் மதியத்துக்கிடையில் கதைக்க விசயம் முடிந்துபோனது. பிறகு பழகிவிட்டோம். நத்தைகளைப் பற்றிக் கதைத்தோம். கௌசிக்கு நத்தை என்றால் உயிர் போகும். பத்து வருடமாகப் பாதணியைத் தட்டிப் பார்க்காமல் கால் வைத்ததில்லை.

அவள் சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் பழகினவள். எந்த நாட்டுக்காரன் எதை அடித்தாலும் தொடையில் தாளம் போட்டுக் கணக்குப் பார்ப்பாள். ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தின் மேளத்தைக் கேட்டுவிட்டு, கணக்குப் பிடிபடாமல் எழும்பி முன்னுக்குப் போனாள். போனவள் ஆடத் தொடங்கிவிட்டாள். பிளேஸ்டோவில் ஒரு கலியாணவீட்டில்கூடக் கதிரையை விட்டு எழும்பாதவள். றப்பர் பூட்சும் பழைய சுடிதாரும் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி. நான் புட்டுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் போனேன்.

அவளுடைய மாமி சொல்வாவாம், நாங்கள் அகதிமுகாமில் கிடந்தது போதாதென்று இவள் தேடிப் போய்க் கிடக்கிறாள் என்று. கௌசி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வேலிக்கு வெளியே வைத்துத்தான்.

ஜூன் 1. ஞாயிறு

சரி, எழுதுகிறேன். சுற்றிச் சுற்றி எத்தனை நாள்.

போன செப்டெம்பரில் கௌசியின் மகள் லக்‌ஷிகாவின் சாமத்தியவீடு, பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு. அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷாமுக்கு வீடு மாறி ஐந்து வருடம். எங்கள் ஆட்களில் ஒரு நன்மை நாளுக்குச் சொல்வதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வர வேண்டும். இருந்து, தேத்தண்ணி குடித்து, கார்டைக் கையில் தந்து, கட்டாயம் வரவேணும் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். கௌசி என்ன செய்தாள்? நான் வேலை செய்யும் ஈஸ்ட்ஹாம் கடைக்குச் சாமான் வாங்க வந்தவள், காசு கட்டும் மேசையில் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் கார்டை வைத்தாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். இதையும் சேர்த்து நிறுக்கவோ என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிச் சொன்ன இடத்துக்குப் போகத் தேவையில்லை என்று யூட் சொன்னார். சாமத்தியவீட்டு நாள் காலமை, காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடக்கு என்று கௌசிக்கு மெசேஜ் போட்டேன். பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. கடையில் ஒரு பிள்ளை லீவு கேட்டிருந்தது, அவளுடைய ஷிப்டை நான் எடுத்தேன். மண்டபமும் ஈஸ்ட்ஹாமில்தான், கடையிலிருந்து ஐந்து நிமிடம். மூளையை எங்கே வைத்தேனோ.

பதினொரு மணிக்கு சஞ்சயன் பட்டுவேட்டியோடு ஓடி வருகிறான். தாய்மாமன். மண்டபத்தில் வெற்றிலை போதாதாம். இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் முன்னால் நான்.

“காய்ச்சல் சுகமோ அக்கா” என்று கேட்டான். மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போனான். அன்றோடு கௌசியின் சத்தம் நின்றது. நான் அவளுக்குப் போன் அடித்தேன், இரண்டு தரம். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அடிக்கவில்லை.

ஜூன் 3

மேலே எழுதினதில் ஒரு பொய். யூட் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டிருந்தார். போகவேண்டாம் என்றது நான். என்னுடைய நாட்குறிப்பிலேயே பழியை அவர் தலையில் போடுகிறேன், பாவம் மனிதன்.

உண்மை என்ன? எனக்கும் யூட்டுக்கும் பிள்ளை இல்லை. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். நன்மை வீடுகளில் தட்டுத் தூக்க, தீபம் காட்டி ஆலாத்தி எடுக்க ஆள் கூப்பிடும்போது கண்கள் என்னிடம் வந்து, என்னைத் தாண்டிப் போகும். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நானும் அந்த நேரம் பார்த்து யாருடையாவது கைக்குழந்தையை வாங்கிக் கொஞ்சுவேன், கை ஓய்வில்லாத மாதிரி. நல்லாய்ப் பழகிவிட்டது.

கௌசி ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதனால்தான். முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் அந்தக் கார்டைக் கண்டபோது, இவளுக்கும் நான் இவ்வளவுதானோ என்று நினைத்துவிட்டேன். அப்போதே கேட்டிருக்கலாம். ஏனடி இப்படித் தாறாய் என்று நாலு வார்த்தை. வாய் இருந்ததுதானே எனக்கு, முருங்கைக்காயை நிறுக்கக் கேட்ட வாய்.

ஜூன் 8

யூட்டுக்குச் சொன்னேன், எல்லாம், காய்ச்சல் பொய் உட்பட. நான் அன்றைக்குப் போகாதது கடையில் வேறு ஆளின் ஷிப்டால் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். பிறகு கேட்டார், முறையாய்ச் சொல்லேல்லை எண்டுதானே உனக்குக் கோவம், அப்ப நாங்கள் முறையாய்ப் போய்ச் சொல்லுவமே.

எதுக்குச் சொல்றது என்று கேட்டேன். இசைவிழாவுக்கு என்றார். பகிடி என்று நினைத்தேன். ஆள் பகிடி விடவில்லை.

ஜூன் 15. ஞாயிறு

போய் வந்துவிட்டோம்.

நான் சேலை. யூட் அதே சேர்ட். தட்டில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, கேக். நடுவில் கடித உறை, உள்ளே கௌசியின் டிக்கெட் அச்சடித்து, உறையின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி. பூசும்போது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ரயிலில் ஒரு கிழவி கலியாணமா என்று கேட்டா. இல்லை, காம்பிங் என்று யூட் சொன்னார்.

கௌசிதான் கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், யூட்டைப் பார்த்து “வாங்கோ அண்ணை” என்றாள். என்னை வா என்று சொல்லவில்லை. இருந்தோம். தேத்தண்ணி தந்தாள். அவளுடைய மனிசன் வேலையாம். யூட் தட்டைத் தூக்கி, கௌசி, யூலை இருபத்திநாலு வியாழக்கிழமை, கட்டாயம் வரவேணும் என்று சொன்னார். குரல் கொஞ்சமும் மாறாமல். நானும் சொன்னேன்.

அவள் உறையைத் திறந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் சொல்ல நினைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். காய்ச்சல் பொய், முருங்கைக்காய், வீட்டுக்கு வந்து சொல்லாதது மனதில் பட்டது. அவள் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டு ஆக்களுக்கு ஆரடி கார்ட் குடுக்கிறது? அண்டைக்கு ஒரு கார்ட் மிஞ்சிக் கிடந்தது, அதிலை பிள்ளையின்ரை படம் வடிவாயிருக்கெண்டு உனக்குக் காட்டக் கொண்டு வந்தனான். உன்னைக் கூப்பிட வேணும் எண்டு நான் நினைக்கவே இல்லை, பெனி. நீ நிப்பாய் எண்டுதான் நினைச்சனான்.”

யூட் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அழுதேன். அவள் அழவில்லை. டிக்கெட்டைத் திரும்ப உறைக்குள் வைத்தாள். “நான் வரேல்லை” என்றாள். கேக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் 16

நீ நிப்பாய் எண்டுதான் நினைச்சனான். கடையில் இன்றைக்கு மூன்று பேருக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தேன்.

ஜூன் 22

நானும் போகவில்லை என்று முடிவு. டிக்கெட் இரண்டையும் யாருக்காவது கொடுக்கச் சொல்லி யூட்டிடம் சொன்னேன். ஓம் என்றார். ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும்.

ஜூலை 2. புதன்

கௌசி எனக்குப் போன் அடித்தாள்! கடையில் நின்றேன், வெங்காய மூட்டைக்குப் பின்னால் போய்க் கதைத்தேன். எப்படியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. நேரே விசயம்.

“நான் வரமாட்டன். கோவம் போகேல்லை, போயிட்டுது எண்டு பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளை கேக்கிறாள், பள்ளிக்கூடமும் விட்டிடும். கூட்டிக்கொண்டு போறியோ?”

நான் ஓம் என்று சொல்ல ஒரு நிமிடம் எடுத்திருப்பேன். அவள் லைனில் நின்றாள். லக்‌ஷிகாவைச் சிநேகிதப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு இரவு தங்க விடாதவள் கௌசி. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கே மூன்று நாள் யோசிப்பாள். அவள் பிள்ளையை நாலு நாள் ஒரு வயலில், ஒரு துணிக்குக் கீழே, என்னோடு விடுகிறாள். கோபம் போகாமலே விடுகிறாள்.

யூட்டுக்குச் சொன்னபோது, அப்ப நல்ல பாய் ஒண்டு வாங்குவம் என்றார்.

ஜூலை 12

டிக்கெட்டில் பெயர் மாற்றிவிட்டேன். கௌசி பட்டியல் அனுப்பியிருக்கிறாள்: பிள்ளைக்கு என்ன மருந்து, என்ன சாப்பிடமாட்டாள், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும். முப்பத்தியொரு விசயம். கடைசியில் பெயர்கூட இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் சரி என்று பதில் போட்டேன்.

ஜூலை 24. வியாழன்

வந்துவிட்டோம். யூட் காரில் கொண்டுவந்து விட்டார். வழக்கமான இடம், ஓக் மரத்துக்கு இடது பக்கம். லக்‌ஷிகாவுக்குப் பதின்மூன்று வயது, என்னிலும் உயரம். போனுக்குச் சார்ஜ் போட இடமில்லை என்று கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. கூடாரத்தைப் பார்த்து “சீரியஸ்லி அன்ரி?” என்றாள். பிறகு யூடியூப்பில் பார்த்து என்னைவிடக் கெதியாய் அடித்து முடித்தாள். வெள்ளைக்காரக் கிழவர் தேவைப்படவில்லை.

புட்டு அவித்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். பட்டியலில் புட்டு சாப்பிடமாட்டாள் என்று இருந்தது. கௌசிக்குச் சொல்லவில்லை.

ஜூலை 26. சனி

மத்தியானம் நல்ல மழை. இரண்டு பேரும் கூடாரத்துக்குள் இருந்து மிக்சர் சாப்பிட்டோம். அம்மா இங்கே என்ன செய்வா என்று கேட்டாள். நத்தைக் கதை சொன்னேன், மேளத்துக்கு ஆடின கதை சொன்னேன். நம்பவில்லை. அம்மா ஆடுறவவோ, எங்கடை அம்மாவோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எந்த இடம் என்று காட்டச் சொன்னாள். மழையிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த வெறும் புல்லைப் போனில் படம் எடுத்தாள்.

திரும்பி வந்து தலை துடைக்கும்போது அவளாகவே சொன்னாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவில் நிற்கிறது. சாமத்தியவீட்டுக்கு முதல் அம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் பெரிய சண்டையாம். பெனிற்றா ஆலாத்தி எடுக்கக்கூடாது என்று அப்பம்மா பிடிவாதமாய் நின்றாவாம். காரணம் பிள்ளை சொல்லவில்லை, அவளுக்குத் தெரியுமோ தெரியாது, எனக்குத் தெரியும்.

“பெனி எடுக்கோணும், இல்லாட்டி ஒருத்தரும் எடுக்கத் தேவையில்லை எண்டு அம்மா சொன்னவா. அண்டைக்கு உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவா அன்ரி. வீடியோவிலை பாத்தால் அம்மா கமராவைப் பாக்கவே இல்லை, கதவைத்தான் பாக்கிறா.”

எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்ரை நாள், நான் வந்திருக்கோணும் பிள்ளை, வராதது என்ரை பிழை என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். பரவாயில்லையாம். அவளுக்கு அன்றைக்கு முழுக்கப் பசியாம், நகை கழுத்தைக் கடித்ததாம், ஒருவரும் சாப்பாடு தரவில்லையாம், அதுதான் ஞாபகமாம். சிரித்துவிட்டேன். அழுதுகொண்டு சிரிப்பதை அவள் கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள்.

என்னை யாரும் கூப்பிடாத ஒரு வேலைக்கு ஒருத்தி என் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறாள். நான் அந்த நேரம் வெற்றிலை விற்றுக்கொண்டு நின்றேன்.

ஜூலை 27. ஞாயிறு

மழை விட்டது. கடைசி நாள். பின்னேரம் பெரிய மேடையில் பித்தளை வாத்தியக்காரர், பதினைந்து பேர். லக்‌ஷிகா என்னை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போனாள். ஆடினேன். வயது நாற்பத்தாறு, முழங்கால் இரண்டும் பிரச்சினை, என்னவோ ஆடினேன். பிள்ளை என்னை வீடியோ எடுத்திருக்கிறாள். எடுத்ததுமல்லாமல் மிஞ்சியிருந்த ஐந்து வீதச் சார்ஜில் அதைத் தாய்க்கு அனுப்பியும் விட்டாள். கேட்காமல்.

பத்து நிமிடத்தில் என் போனுக்கு கௌசியின் மெசேஜ். “தாளத்துக்கு வெளியிலை போறாய்.”

பட்டியல் இல்லை, மருந்து இல்லை. இது மட்டும். வாசித்துவிட்டு அப்படியே ஈரப் புல்லில் இருந்துவிட்டேன். லக்‌ஷிகா, அன்ரி ஆர் யூ ஓகே என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஜூலை 29. செவ்வாய்

லக்‌ஷிகாவை நேற்று யூட் கொண்டுபோய் விட்டார். ஈரக் கூடாரத்தை இன்று பின்வளவில் கொடிக்கயிற்றில் காயப்போட்டேன். மூன்று மணிக்கு நல்லாய்க் காய்ந்துவிட்டது. மடிக்கப் பார்த்தேன், தனியாளால் ஏலாது, காற்று வேறு. யூட் வேலையில்.

பக்கக் கதவு திறந்த சத்தம் கேட்டது. கௌசி. பிள்ளையின் சட்டை ஒன்று உங்கடை சாமானோடை வந்திட்டுதாம் என்றாள். லூயிஷாமிலிருந்து ஒரு சட்டைக்காக வந்திருக்கிறாள். கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டு வந்து கூடாரத்தின் மற்றத் தலைப்பைப் பிடித்தாள். முதலில் கூடாரச் சீலையை உதறிப் பார்த்தாள், நத்தை இருக்கோ என்று.

மடித்தோம். இரண்டாம் மடிப்பில் கிட்ட வந்தபோது சொன்னேன், ஆலாத்தி விசயம் லக்‌ஷிகா சொன்னவள் என்று.

“ம்,” என்றாள். துணியின் சுருக்கத்தைத் தடவி விட்டாள். “அந்த மூலையை இறுக்கிப் பிடி.”

பிடித்தேன். காற்றைத் தள்ளிச் சுருட்டி, பைக்குள் போட்டுக் கட்டினோம். அவள் கையைத் தட்டிக்கொண்டு என்னைத் தாண்டிக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். நான் வாசலில் நின்றேன். இந்த ஒரு வருடத்தில் சீனிப் போத்தலை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதவாய்த் திறந்து தேடி, அவளே கண்டுபிடித்தாள்.